மூன்று போன், மூன்று கிப்லா

எங்களூர்ப் பள்ளியொன்றில் தரைக்கு மாபிள் பதிக்கும் வேலை நடந்தது. பழைய சஃப் கோடுகள் அழிந்து போயின. புதிதாகக் கோடு போடுவதற்கு முன்னால் திசையை ஒருக்கால் சரிபார்த்துக்கொண்டால் நல்லது என்று வாலிபர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அதில் பிழையொன்றுமில்லை. மூன்று பேர் மூன்று போனை எடுத்துக்கொண்டு மிஹ்ராபுக்கு எதிரே நின்றார்கள். செயலியைத் திறந்ததும் கமரா வழியாகப் பள்ளிச் சுவர் தெரிகிறது. அந்தச் சுவரின் மேல் ஒரு கோடு ஓடுகிறது, கோட்டின் முனையில் சின்னதாகக் கஃபாவின் உருவம் மிதக்கிறது. மூன்று போனிலும் இதே காட்சிதான். ஆனால் கஃபா மிதந்த இடம் மூன்று. ஒன்றில் வலப்புறத்து ஜன்னலில், ஒன்றில் மிஹ்ராபின் வலது விளிம்பில், மற்றதில் இடப்புறத்து ஒலிபெருக்கிப் பெட்டியின் தலைக்கு மேலே.

அன்று மஃரிபுக்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. “பள்ளி பிழையாம்” என்று ஒரு கட்சி, “போன் பிழையாம்” என்று இன்னொரு கட்சி. மிஹ்ராபை உடைத்துத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றுகூட ஒருவர் பேசியிருக்கிறார். நம்பிக்கையாளர் சபையில் யாரோ, “சேர் பௌதிகம் படிப்பிச்சவரு, அவரக் கூட்டி வாங்க” என்று சொல்ல, அடுத்த நாள் அஸருக்குப் பிறகு என்னைக் கூட்டிப்போனார்கள்.

நான் போனபோது முன் சஃபில் எப்போதும் நிற்கும் வயதானவர் ஒருவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியவர். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “மனே, இந்தப் போன் சொல்றது சரியெண்டா, எங்கட வாப்பா, வாப்பாட வாப்பா எல்லாரும் தொழுத தொழுக எங்க போனது?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அது மௌலவிமாரின் துறை. ஆனால் போன் சொல்வது சரியா, சரியென்றால் எந்த அளவுக்குச் சரி என்பது என் துறைக்குள் வருகிற கேள்வி. அன்று வாயால் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நம் கண் முன்னால் இருக்கிற காட்சியின் மேல், அங்கே இல்லாத ஒன்றைக் கணினி வரைந்து காட்டுவதற்கு ஒக்மென்டட் ரியலிட்டி என்று பெயர். தமிழில் மிகைமெய்ம்மை என்கிறார்கள். மெய்யின் மேல் மிகையாக ஒன்று ஏறி உட்காருகிறது என்ற பொருளில் நல்ல சொல்தான். முழுக்க முழுக்கக் கற்பனை உலகத்துக்குள் ஆளைக் கூட்டிப்போகும் மெய்நிகர் கண்ணாடிகள் வேறு. இதில் சுவர் உண்மை, ஜன்னல் உண்மை, அதன் மேல் மிதக்கிற கஃபா மட்டும் வரைந்தது.

விஷயம் புதிதல்ல. 1968இல் ஐவன் சதர்லேண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி தலையில் மாட்டுகிற கருவியொன்றைச் செய்து, அறைக்குள் மிதக்கும் கோட்டுருவங்களைப் பார்க்க வைத்தார். கருவி பெரும் பாரம், கூரையோடு பொருத்தியிருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் போயிங் விமானக் கம்பனியில் வயர்களைச் சரியான இடத்தில் பொருத்துவதற்குத் தொழிலாளருக்கு உதவும் முயற்சியில்தான் இந்தப் பெயரே பிறந்தது. 1997இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஒரு கணினியையும் ஜி.பி.எஸ். கருவியையும் முதுகுப் பையில் சுமந்துகொண்டு வளாகத்தில் நடந்தார்கள். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அதன் பெயர் கண் முன்னே எழுந்தது. அந்த முதுகுப் பை பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. 2008இல் விக்கிடியூட், 2009இல் லேயர் என்ற செயலிகள் வந்தன. 2009இல் வந்த ஐபோனில் திசைகாட்டி சேர்ந்தது, அடுத்த வருடம் கைரோ சேர்ந்தது. 2016இல் போக்கிமொன் கோ விளையாட்டு வந்து உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் தெருவில் இறக்கியது. 2017இல் கூகுள் நிறுவனம் கிப்லாவைக் கமராவில் காட்டும் இணையப் பக்கமொன்றை வெளியிட்டது. எங்கள் தம்பிமாரின் கையிலிருந்த செயலிகள் வேறு வேறு, ஆனால் தத்துவம் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

செயலிக்கு முதலில் தெரிய வேண்டியது, நீங்கள் பூமியில் எங்கே நிற்கிறீர்கள் என்பது. அதை ஜி.பி.எஸ். சொல்கிறது. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை வந்துசேர்ந்த நேர வித்தியாசத்திலிருந்து போன் தன் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கணக்கிடுகிறது. திறந்த வெளியில் ஐந்து மீற்றர் அளவில் பிழை வரும். கட்டடத்துக்குள் இன்னும் கூடும்.

அடுத்தது, போன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதற்கு மூன்று சின்ன உணரிகள் சேர்ந்து உழைக்கின்றன. ஆர்முடுகல்மானி புவியீர்ப்பை உணர்ந்து, எது கீழ், எது மேல் என்று சொல்கிறது. படத்தைப் பார்க்கும்போது போனைச் சரித்தால் திரையும் திரும்புகிறதே, அது இதன் வேலை. கைரோ, போன் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைச் சொல்கிறது. கையை ஆட்டினாலும் மிதக்கும் உருவம் நடுங்காமல் நிற்பது கைரோவின் புண்ணியத்தில். ஆனால் அதற்கு வடக்கு தெற்குத் தெரியாது. இருந்த இடத்திலிருந்து எவ்வளவு திரும்பினோம் என்பது மட்டும் தெரியும். கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் இருப்பவரைப் போல. வளைவுகளை உணர்வார், ஊர்ப் பெயர் சொல்ல மாட்டார்.

வடக்கு எது என்று சொல்வது காந்தமானி ஒன்றுதான். பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் துணிக்கை அளவிலான சில்லு அது. எங்கள் பள்ளிச் சண்டையின் வேர் இருந்தது இந்தச் சில்லில்.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு நேரமும் நான் கமராவைப் பற்றிப் பேசவே இல்லை. இந்த வகைச் செயலியில் கமரா எதையும் அளப்பதில்லை. கமரா இப்போது 280 பாகையைப் பார்த்து நிற்கிறது, கஃபா 294 பாகையில் இருக்கிறது, ஆகவே 14 பாகை வலப்பக்கம். கமரா அகலப்பாட்டில் 60 பாகையைப் பார்க்கும் என்று வைத்துக்கொண்டால், திரையின் நடுவிலிருந்து அகலத்தில் கால் பங்கு வலப்பக்கம் தள்ளிக் கஃபாவை வரை. கணக்கு இவ்வளவுதான். சுவர் வெறும் பின்னணி. போனை மூடியிருந்த கையின் படத்தின் மேலும் அதே இடத்தில்தான் வரையும். ஆனால் நமது மனம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. நம் சொந்தப் பள்ளிச் சுவரின் மேல், நம் கண்ணால் கண்ட சுவரின் மேல் கோடு ஓடும்போது, கமராவே அதைக் கண்டு சொன்னது போல ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. பழைய திசைகாட்டியின் ஊசி ஆடினால் “ஊசி ஆடுது” என்று சொன்னோம். திரையில் கஃபா தெரிந்தால் “கஃபா தெரியுது” என்று சொல்கிறோம். தம்பிமார் மூவரும் தத்தம் போனுக்காக அவ்வளவு பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

(கமராவையே அளவுகருவியாக்கும் வகையும் உண்டு. 2017இல் அப்பிள் வெளியிட்ட ஏஆர்கிட், 2018இல் கூகுள் வெளியிட்ட ஏஆர்கோர் ஆகியவை, காட்சியிலுள்ள மூலைகளையும் புள்ளிகளையும் அடையாளம் வைத்துக்கொண்டு போனின் அசைவைக் கணிக்கின்றன. கதிரையொன்றை உங்கள் வீட்டு மண்டபத்தில் வைத்துப் பார்க்கும் செயலிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனாலும் வெறும் சுவரைப் பார்த்து எந்தக் கமராவுக்கும் வடக்குத் தெரிந்துவிடாது.)

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இரண்டு வகையான பிழைகள் உண்டு: நிற்கிற இடத்தில் வரும் பிழை, பார்க்கிற திசையில் வரும் பிழை. எது நம்மைக் கவிழ்க்கும் என்பது தேடுகிற பொருள் பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

தெருவில் 20 மீற்றர் தள்ளியிருக்கிற கடையொன்றின் பெயரைக் கமராவில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜி.பி.எஸ். உங்களை ஐந்து மீற்றர் பக்கவாட்டில் தள்ளி வைத்துவிட்டால், பெயர்ப்பலகை 14 பாகை விலகிப்போய் அடுத்த கடையில் தொங்கும். சாப்பாட்டுக் கடைப் பெயர் சவர்க்காரக் கடையில். திசையில் ஐந்து பாகை பிழைத்தால் பரவாயில்லை, இரண்டு மீற்றர்கூட நகராது.

கிப்லாவில் இது தலைகீழ். கல்முனைப் பக்கத்திலிருந்து கஃபா ஏறக்குறைய 4,760 கிலோமீற்றர். ஐந்து மீற்றர் என்ன, ஐந்து கிலோமீற்றர் தள்ளி நின்றாலும் கிப்லாத் திசை ஒரு பாகையின் சிறு பின்னம்தான் மாறும். கிழக்குக் கரையில் கல்முனைக்கு வடக்கிலிருந்து மணிக்கூடு சுற்றும் பக்கமாக 293.7 பாகை. தீவின் மறுகரையில் கொழும்புக்கு 294.8. யாழ்ப்பாணத்துக்கு 292க்குச் சற்றுக் குறைவு, ஹம்பாந்தோட்டைப் பக்கம் 295.2 அளவில். அதாவது தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனாலும் நாலு பாகைக்குள் அடங்கிவிடுகிறது. எளிதாகச் சொன்னால், நேர் மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக 22 முதல் 26 பாகை வரை.

ஆக, எங்கள் பள்ளிக்கு எந்தச் செய்மதியும் தேவைப்படவில்லை. இலக்கம் எல்லாப் போனிலும் 293, 294 என்றே இருந்தது. மூன்று தம்பிமாரிடமும் இலக்கத்தை வாசிக்கச் சொன்னபோது மூவருக்கும் ஒரே ஆச்சரியம். கணக்கில் ஒற்றுமை, காட்சியில் சண்டை.

இந்தக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊருக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, உருண்டையின் மேல் வளைந்து போகும் பெருவட்டம். பாடசாலையில் தொங்கும் தட்டை உலகப்படத்தில் இங்கிருந்து மக்காவுக்கு அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறினால் 289 பாகை அளவில்தான் வரும். நாலரைப் பாகை குறைவு. உருண்டைக்குரிய திரிகோணகணிதத்தைப் போட்டால்தான் 293.7 கிடைக்கும். இந்தக் கணிதத்தைப் போன் கம்பனிக்காரர் கண்டுபிடிக்கவில்லை. 1025ஆம் ஆண்டளவில் அல்பிரூனி, கஸ்னா நகரத்தின் கிப்லாவைக் கண்டுபிடிப்பதற்காகவே ஊர்களின் அகலக்கோடு நெடுங்கோடுகளைச் சரிப்படுத்துவது பற்றித் தனி நூல் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்க் நகரின் உமையாப் பள்ளியில் வக்துக் கணிப்பவராக இருந்த அல்கலீலி, மூவாயிரத்துக்குக் கிட்டிய எண்ணிக்கையில் கிப்லாப் பெறுமானங்களைக் கையால் கணித்து அட்டவணையாக்கி வைத்தார். போன் ஒரு நொடியில் போடுவதும் அந்தக் கணக்குத்தான்.

சரி, காட்சியில் ஏன் சண்டை?

காந்தமானி பாவம், அதற்குப் பூமியின் காந்தமும் கட்டுக்கம்பியின் காந்தமும் ஒன்றுதான். நமது பகுதியில் பூமியின் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா அளவில்தான் இருக்கிறது. குளிரூட்டிக் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தத்துக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. மூன்றாவது தம்பியின் போன் பேர்ஸ் மாதிரி மடிக்கிற தோல் உறைக்குள் இருந்தது. உறை மூடி ஒட்டிக்கொள்வதற்கு அதில் ஒரு காந்தம். உறையைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். ஒலிபெருக்கிக்கு மேலே மிதந்த கஃபா மெல்ல நகர்ந்து மிஹ்ராபைக் கடந்து வந்து நின்றது. பள்ளிக்குள் ஒருவரும் பேசவில்லை.

முதல் தம்பி நின்றது தூணின் அருகில். தூணுக்குள் இருப்பது கம்பி, பக்கத்தில் மாபிள் வேலைக்காரரின் இரும்புக் குழாய்கள் வேறு. “அஞ்சாறு எட்டு நடுவுக்கு வாங்க மனே” என்றேன். வர வரக் கஃபாவும் ஜன்னலிலிருந்து இறங்கி வந்தது.

போனை வானத்தில் எட்டு எழுதுவது போலச் சுழற்றச் சொல்லிச் செயலிகள் கேட்குமே, அது மந்திரமல்ல. போனுக்குள்ளேயே ஒலிபெருக்கிக் காந்தம், இரும்புத் துண்டுகள் என்று பல இருக்கின்றன. அவை போனோடு சேர்ந்து திரும்பும். பூமியின் காந்தம் திரும்பாது. எல்லாப் பக்கமும் சுழற்றிப் பார்த்தால் எது திரும்புகிறது, எது நிலையாக நிற்கிறது என்று பிரித்துக் கழித்துவிடலாம். ஆனால் தூணும் குழாயும் போனோடு திரும்புவதில்லை. எனவே எத்தனை எட்டுப் போட்டாலும் அந்தப் பிழை போகாது. எட்டுப் போட்டுவிட்டால் சரி என்று நினைத்துத் தூணுக்கருகிலேயே நின்று எட்டுப் போடுபவர்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இதில் இலங்கையருக்கு இயற்கையாகவே ஒரு சலுகையும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நமக்கு வெகு அருகில், தென்னிந்தியாவின் அடிப்பகுதி வழியாகப் போகிறது. 1963இல் இந்தியா தனது முதல் ரொக்கெட்டை ஏவத் திருவனந்தபுரத்துக்கருகில் தும்பா என்ற கடற்கரையைத் தெரிந்தெடுத்ததும் இந்த நடுக்கோட்டின் பொருட்டே. அதனால் நம் பக்கத்தில் காந்தப்புலம் நிலத்துக்கு ஏறக்குறையக் கிடையாக ஓடுகிறது. திசைகாட்டிக்கு வேண்டியது கிடைப்பகுதிதான். வட துருவத்துக்கருகே வாழ்பவர்களுக்குப் புலம் நிலத்துக்குள் குத்தி இறங்குவதால் காந்தமானி தடுமாறும். அதேபோல் காந்த வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் உள்ள விலகலும் இங்கே இரண்டு பாகை அளவில்தான். நல்ல செயலி அதையும் கூட்டிக் கழித்துவிடும்.

உறை கழற்றி, நடுவில் நின்று, எட்டுப் போட்ட பிறகு மூன்று போனும் நாலைந்து பாகைக்குள் ஒத்துவந்தன. அதற்கு மேல் ஒத்துவரவில்லை, வராது. கையடக்கப் போனின் திசைக்கு அதைவிட அதிகத் துல்லியம் எதிர்பார்ப்பது நியாயமுமில்லை. ஆனால் பள்ளி மிஹ்ராபும் அந்த நாலைந்து பாகைக்குள்தான் இருந்தது! அப்படியென்றால் போனை வைத்து மிஹ்ராபைப் பிழை சொல்லவும் முடியாது, சரி என்று சொல்லவும் முடியாது.

“அப்ப என்ன சேர் செய்யிற?” என்று தலைவர் கேட்டார்.

“மே 28 வரைக்கும் பொறுங்க” என்றேன். இரண்டு கிழமைதான் இருந்தது.

வருடத்தில் இரண்டு முறை சூரியன் கஃபாவின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. மே 28ஆம் திகதி சவூதி நேரம் பகல் 12.18க்கும், ஜூலை 16ஆம் திகதி 12.27க்கும். நெட்டாண்டுகளில் ஒரு நாள் முந்தும். நமது நேரத்துக்கு மாற்றினால் மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. அந்தக் கணத்தில் சூரியனை நோக்குபவர் கஃபாவை நோக்குகிறார். நேராக நட்ட கம்பின் நிழல் கிப்லாவுக்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். அந்த நேரத்தில் நமக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 47 பாகை உயரத்தில் நிற்பதால் நிழலும் கம்பின் உயரத்துக்குக் கிட்டிய நீளத்தில், தெளிவாக விழும். காந்தம் வேண்டாம், செய்மதி வேண்டாம், பற்றரி வேண்டாம். மணிக்கூடு மட்டும் சரியாக இருக்க வேண்டும். அதிலும் ஐந்து நிமிடம் பிந்தினால் அரைப் பாகைக்கும் குறைவான பிழைதான் வரும்.

கச்சான் காற்று தொடங்கியிருந்த நாள். வெயில் சுட்டெரித்தது. கூட்டம் ஜும்ஆவுக்கு வருவது போல வந்துவிட்டது. பள்ளி முற்றத்தில் மேசன் பாஸின் தூக்குக்குண்டை முக்காலியில் தொங்கவிட்டோம். கம்பை நடுவதைவிட நூல் நேராக நிற்கும். மூன்று தம்பிமாரும் போனைத் திசைகாட்டியாக இல்லாமல் மணிக்கூடாக வைத்துக்கொண்டு நின்றார்கள். 2.48க்கு நிழல் மேல் சோக்கால் கோடு கீறினோம். பிறகு பள்ளியின் பக்கச் சுவருக்குச் சமாந்தரமாக இன்னொரு நூல் பிடித்து இரண்டையும் ஒப்பிட்டோம். பத்தடி நீளத்தில் ஏழு அங்குல வித்தியாசம். மூன்று பாகைக்குச் சற்று அதிகம். சுவர் மேற்குப் பக்கமாக அந்தளவு சரிந்திருந்தது. தட்டை வரைபடத்துக் கணக்கு இதே பக்கமாகத்தான் நாலரைப் பாகை சரியும் என்று மேலே சொன்னேன். கட்டியவர்கள் எதை வைத்துத் திசை பிடித்தார்களோ, இப்போது கேட்க ஆளில்லை. ஆனால் எந்தப் போனும் இல்லாத காலத்தில் பிடித்த திசை அது.

மூன்று பாகை என்றால் எவ்வளவு? இங்கிருந்து ஒரு பாகை பிசகினால் கோடு கஃபாவை 75 கிலோமீற்றர் தூரத்தில் கடந்து போகும். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. உடனே அடுத்ததையும் சொன்னேன். பன்னிரண்டு மீற்றர் அளவு அகலமான கஃபாவின் சுவரைச் சரியாகத் தொட வேண்டுமானால், ஒரு பாகையை ஆறாயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். காலிரண்டையும் வைத்து நிற்கிற மனிதனால் ஆகிற காரியமல்ல அது. ஒரே சஃபில் நிற்கும் பத்துப் பேரின் தோளை அளந்தால் அதற்குள்ளேயே சில பாகை வித்தியாசம் வரும்.

ஷாபிஈ மத்ஹபில் கஃபாவையே நேராக நோக்க வேண்டும் என்பது வலுவான கருத்தென்றும், தூரத்திலிருப்பவருக்கு அதன் திசைப்பக்கம் போதும் என்று ஹனஃபி மத்ஹப் சொல்கிறதென்றும் மௌலவி விளக்கினார். இரண்டுக்குமிடையே நூற்றாண்டுக் கணக்காக நடந்த உரையாடலில், மனிதனால் எவ்வளவு முடியும் என்ற கேள்வியை இமாம்கள் மறந்ததில்லை என்றும் சொன்னார். அதற்கு மேல் எழுத எனக்குத் தகுதியில்லை. சபை எடுத்த முடிவு இது: கோடு எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும், ஆகவே நிழலின்படி போடுவோம், மிஹ்ராபில் ஒரு கல்லையும் அசைப்பதில்லை. அந்த வயதானவரை மௌலவி முற்றத்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் நெடுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அன்று அஸருக்கு அவர் வழமையான இடத்தில் நின்றார்.

எழுதியே ஆக வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. உணரி நமக்குத் திசை சொல்கிறது, அதே வேளை நாம் நிற்கிற இடத்தை யாரோ ஒருவருக்குச் சொல்லிக்கொண்டும் இருக்கலாம். 2020 நவம்பரில் வைஸ் ஊடகத்தின் மதர்போர்ட் பிரிவு ஒரு செய்தியை வெளியிட்டது. தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் காட்டும் முஸ்லிம் புரோ என்ற, கோடிக்கணக்கானோர் தரவிறக்கிய செயலியின் இருப்பிடத் தரவு, எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபார நிறுவனத்துக்குப் போனதாகவும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள் இருந்ததாகவும் அதில் இருந்தது. இராணுவத்துக்குத் தாங்கள் தரவு விற்கவில்லை என்று செயலிக்காரர் மறுத்தார்கள். எக்ஸ்-மோட்டுடனான தொடர்பை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தார்கள். உலகெங்கும் பலர் அன்றே செயலியை அழித்தார்கள்.

இந்த இடத்தில்தான் மேலே சொன்ன தூரக் கணக்கு கைகொடுக்கிறது. ஐந்து கிலோமீற்றர் பிழைத்தாலும் கிப்லா மாறாது என்றால், கிப்லா காட்டும் செயலிக்கு உங்கள் வீட்டு வாசல் தெரிய வேண்டிய தேவையே இல்லை. ஊர் தெரிந்தால் போதும். கணக்கைப் போன் தனக்குள்ளேயே போட்டுவிடும், இணையமும் தேவையில்லை. 2020இலிருந்து ஐபோன்களிலும் 2021இன் அண்ட்ரொய்ட் 12இலிருந்து மற்றப் போன்களிலும், துல்லியமான இருப்பிடத்தைக் கொடுக்காமல் ஏறத்தாழவான இருப்பிடத்தை மட்டும் கொடுக்கும் தெரிவு இருக்கிறது. தெருவில் கடைப் பெயர் காட்டுகிற செயலி துல்லியம் கேட்டால் அதில் நியாயமுண்டு. கிப்லாச் செயலி அதைக் கேட்டால், எதற்கு என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

இதைத் தம்பிமாரிடம் சொன்னபோது, தோல் உறைக்காரத் தம்பி நம்பவில்லை. அங்கேயே நின்று அனுமதியை மாற்றி, செயலியை மூடித் திறந்து, கமராவைச் சுவருக்குப் பிடித்துப் பார்த்தார். கஃபா இருந்த இடத்திலேயே இருந்தது.